வேறு காரின் ரிம்மை நம் காரில் பொருத்தும் அடாப்டர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களின் பட்டறைகளில் பழைய ஸ்போர்ட் ரிம் வாங்குவோர் முதலில் கேட்டறிய வேண்டியது பிசிடி அளவு. சக்கரம் பொருந்திச் சுழலும் நடுப்பகுதியான ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையுள்ள தண்டுகளே ஸ்டட்டுகள்; அவற்றின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டமே பிசிடி. பெரோடுவா மைவி காரில் நான்கு ஸ்டட்டுகள் 100 மி.மீ. வட்டத்தில் உள்ளன, நான்கு துளையுள்ள வேறு சில ரிம்களில் அது 114.3 மி.மீ., அதாவது நாலரை அங்குலம். இந்த வேறுபாட்டை ஈடுகட்ட ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் வைக்கப்படும் தடித்த அலுமினியத் தட்டுதான் அடாப்டர்.

ஒரு வரிசைத் துளைகள் வழியாகத் தட்டு காரின் ஸ்டட்டுகளில் இறுக்கப்படுகிறது. தட்டிலேயே பதிக்கப்பட்ட இன்னொரு வரிசை ஸ்டட்டுகளில் ரிம் அமர்கிறது. இரண்டு வட்டங்களின் ஆரமும் 7 மி.மீ. அளவுக்கே வேறுபடுவதால், 19 அல்லது 21 மி.மீ. நட்டுகளை அருகருகே வைக்க இடமிராது. ஆகவே இரண்டாம் வரிசையை 45 பாகை திருப்பி அமைக்கிறார்கள். தட்டைக் காரின் ஸ்டட்டுகளில் இறுக்கும் உள்நட்டுகள் தட்டுக்குள் முழுமையாகப் புதைய வேண்டியிருப்பதால் 20 முதல் 25 மி.மீ. வரை தடிமன் தேவைப்படுகிறது. பழைய ஸ்டட்டின் நுனி சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ரிம் தட்டின் முகத்தில் படியாமல் அந்த நுனியில் முட்டி நிற்கும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை.

சக்கரம் நழுவாமல் நிற்பது ஸ்டட்டின் தண்டு தாங்குவதால் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதைப் பிடித்து வைத்திருப்பது, அழுத்தப்பட்ட இரு முகங்களுக்கு இடையிலுள்ள உராய்வு. 12 மி.மீ. ஸ்டட்டை 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் இறுக்கினால் ஏறத்தாழ 4 டன் எடைக்கு ஈடான இழுவிசை பிறக்கிறது. நான்கும் சேர்ந்து சுமார் 17 டன். அந்த அழுத்தம் இருக்கும்வரை முகங்கள் நழுவுவதில்லை, ஸ்டட்டும் வளைவதில்லை. அழுத்தம் குறைந்தாலோ ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்டட் முன்னும் பின்னும் வளைந்து, உலோகம் களைத்து முறிகிறது.

இத்தனை பெரிய விசையில் ஸ்டட் நீள்வது மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. ஹப்பில் துருவோ, பெயிண்டோ, செம்மண்ணோ ஒட்டியிருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி, அந்தச் சிறு நீட்சியையே விழுங்கிவிடும். எனவே கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை தேய்த்த பிறகே தட்டை ஏற்ற வேண்டும். அடாப்டரோ அழுத்த முகங்களை இரண்டாக்குகிறது. அதன் உள்நட்டுகளும் ரிம்முக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. சுமார் 100 கி.மீ. ஓடியதும் ரிம்மைக் கழற்றி, அந்த உள்நட்டுகளை, முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரென்ச்சால் சோதிப்பதை நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

நட்டின் அடிப்பகுதியும் அது அமரும் ரிம்மின் குழியும் ஒரே வடிவில் இருக்க வேண்டும். ஹோண்டாவின் அசல் ரிம்மில் குழி உருண்டையானது. கூம்பு நட்டு அங்கே மெல்லிய ஒரு கோட்டளவே தொடும். மைவி ஹப்பின் நடுவளையம் 54.1 மி.மீ.; தட்டின் நடுத்துளை அதில் கச்சிதமாக அமராவிட்டால் ஸ்டியரிங் நடுங்கும்.

எஞ்சுவது ஆஃப்செட், அதாவது ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் அமரும் முகம்வரை மி.மீட்டரில் உள்ள தூரம். 25 மி.மீ. தட்டு, 45 ஆஃப்செட் உள்ள ரிம்மை 20 ஆஃப்செட் ரிம்மைப் போல வெளியே தள்ளுகிறது. பேரிங் மீது சுமை ஏறுகிறது. செம்பனை லோரிகள் குழி பறித்த தோட்டச் சாலையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்டியரிங் முன்னைவிட வலுவாகக் கையை இழுக்கிறது. டயரும் மட்கார்டில் உரசக்கூடும். தட்டின் தடிமன் அளவுக்குக் கூடுதல் ஆஃப்செட் உள்ள ரிம்மைத் தேடி வாங்கினால் டயர் பழைய இடத்திலேயே நிற்கும்.