நாக்-அவுட்டும் குவாலிஃபையரும்: டார்ட்ஸ் பலகையை வைத்து ஒரு சொல் விளக்கம்

"தகுதிச்சுற்றில் வென்று நாக்-அவுட் சுற்றுக்குள் நுழைந்தார்." கிரிக்கெட்டும் கால்பந்தும் படித்துப் பழகிய கண்ணுக்கு இந்த வாக்கியத்தில் உறுத்தல் எதுவும் இருக்காது. முதலில் தகுதிச்சுற்று, அப்புறம் குழு ஆட்டங்கள், அதிலும் தேறினால் நாக்-அவுட் என்ற வரிசை நமக்கு மனப்பாடம். டார்ட்ஸ் போட்டியைப் பற்றி இதையே எழுதினால் பெரும்பாலும் தப்பாகிவிடும். அங்கே தகுதிச்சுற்றே நாக்-அவுட்தான். உள்ளே நுழைவதற்கு முன் தோற்றாலும் வீடு, நுழைந்த பின் தோற்றாலும் வீடு. ஆக, இந்த இரண்டு சொற்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு கட்டங்கள் அல்ல. ஆட்டக்காரர் எப்படி உள்ளே வருகிறார் என்பதை ஒன்று சொல்கிறது, எப்படி வெளியே போகிறார் என்பதை மற்றது சொல்கிறது.

ஆட்டத்தை ஒருமுறை பார்த்துவிடலாம். சுவரில் வட்டப் பலகை. அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்கும். 2.37 மீட்டர் தள்ளிக் கோட்டுக்குப் பின்னால் நின்று முறைக்கு மூன்று டார்ட் எறிய வேண்டும். 501-இல் தொடங்கி, குத்திய இடத்தின் மதிப்பைக் கழித்துக்கொண்டே வந்து, மிச்சமில்லாமல் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். அதிலும் கடைசி எறி இரட்டை மதிப்புள்ள இடத்தில் போய்க் குத்தி நிற்க வேண்டும். இப்படி ஒருமுறை முடித்தால் அது ஒரு 'லெக்'.

டார்ட் என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், அதற்கும் பின்னால் ஜெர்மானிய மூலம். கையால் வீசும் சிறு ஈட்டி என்பதுதான் அதன் பழைய பொருள். ஆங்கிலேய மதுக்கூடங்களிலோ இதைச் செல்லமாக அம்பு என்பார்கள். தமிழுக்கு இங்கே ஒரு சின்னச் சிக்கல். நாம் அம்பை எய்வோம், ஈட்டியை எறிவோம். இது பார்க்க அம்பு மாதிரி இருக்கிறது, வில் கிடையாது, கையால் எறிகிறோம். 'ஈட்டி எறிதல்' தடகளத்துக்குப் போய்விட்டது, திரும்ப வாங்க முடியாது. 'எறியம்பு' என்றால் பொருந்துகிறது. எறிந்த அம்பு, எறிகின்ற அம்பு, எறியும் அம்பு என்று மூன்று காலத்துக்கும் இடம் தரும் வினைத்தொகை. ஆனால் ஆட்டத்தின் பெயரை மாற்ற வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கேரம் கேரமாகவே இருக்கிறது, டார்ட்ஸும் இருந்துவிட்டுப் போகட்டும். கையில் பிடிக்கும் பொருளுக்கு எறியம்பு போதும்.

இந்த இரண்டு சொற்களையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் யூ.கே. ஓப்பன் போட்டிக்குத்தான் போக வேண்டும். பி.டி.சி. என்ற தொழில்முறை டார்ட்ஸ் அமைப்பு 2003 முதல் நடத்துவது. முதல் கோப்பை ஃபில் டெய்லருக்குப் போனது. 2013 வரை போல்டன் நகரக் கால்பந்து அரங்க வளாகத்தில் நடந்தது. 2014-இல் சாமர்செட் கடற்கரையில் உள்ள மைன்ஹெட் விடுமுறை முகாமுக்கு மாறியது. பல பலகைகளில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும், எதைப் பார்ப்பது என்று தெரியாமல் கழுத்து வலிக்கும். சின்ன கிளப்பும் பெரிய கிளப்போடு மோதக்கூடிய இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டியை நினைத்து, இதை 'டார்ட்ஸின் எஃப்.ஏ. கோப்பை' என்பார்கள். ரைலீஸ் ஸ்னூக்கர் கூடங்களில் நடந்துவந்த தகுதிச்சுற்றுகளில், பகலில் வேறு வேலை பார்த்து மாலையில் எறிகிறவரும் பெயர் கொடுக்கலாம். அங்கே எல்லாரையும் தோற்கடித்துவிட்டு வந்தால், மைன்ஹெட்டில் உலகச் சாம்பியன் எதிரே நிற்கலாம்.

இந்தப் போட்டியின் ருசி, யார் யாரோடு மோதுவது என்று முடிவுசெய்யும் குலுக்கலில் இருக்கிறது. 2019-இல் மாற்றிய அமைப்பின்படி முன்னணி வீரர்கள் 32 பேர் நான்காம் சுற்றில்தான் இறங்குகிறார்கள். அது வரை கீழ்நிலை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்று முடிந்ததும் புதிதாகக் குலுக்கல். மற்ற போட்டிகளில் பெரிய ஆட்டக்காரர்களைத் தொடக்கத்திலேயே மோதவிடாமல் பிரித்து வைப்பார்கள், இங்கே அந்தச் சலுகை கிடையாது. உலகின் முதல் இரண்டு பேர் இறங்கிய அன்றே மோதி, ஒருவர் பெட்டியைக் கட்டலாம். 2023 இறுதி ஆட்டத்தில் ஆண்ட்ரூ கில்டிங், மூன்று முறை உலகச் சாம்பியனான மைக்கேல் வான் கெர்வனை 11-10 என்று கடைசி லெக்கில் சாய்த்தது இந்த மேடையில்தான்.

சரி, நாக்-அவுட். குத்துச்சண்டையிலிருந்து மற்ற ஆட்டங்களுக்குப் பரவிய சொல் இது. 1867-இல் வெளிவந்த குவீன்ஸ்பெர்ரி விதிகளின்படி, விழுந்தவர் யார் உதவியும் இல்லாமல் 10 விநாடிக்குள் எழ வேண்டும். எழாவிட்டால் கதை முடிந்தது. 'அடித்து வீழ்த்துவது' என்ற அந்தப் பொருளில் பாதி உதிர்ந்து, 'ஒரு தோல்வியோடு வெளியே' என்ற பாதி மட்டும் மற்ற விளையாட்டுகளுக்கு வந்து சேர்ந்தது. டார்ட்ஸில் யாரும் யாரையும் தொடுவதுகூட இல்லை. எனவே தமிழில் 'வீழ்த்து முறை' என்று குத்துச்சண்டையையும் சேர்த்து இழுத்துவரத் தேவையில்லை. 

தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் நாக்-அவுட் என்றே எழுதுகின்றன. ஊர்க் கபடிப் போட்டி நோட்டீசிலும் 'நாக்-அவுட் முறையில் நடைபெறும்' என்று அச்சடித்தால் எல்லாருக்கும் புரிகிறது. இலங்கைத் தமிழ் ஏடுகளில் 'விலகல் முறை' என்ற வழக்கு உண்டு. எனக்கு அதில் ஒரு தயக்கம். நம் பக்கத்தில் 'விலகினார்' என்றால் காயம் பட்டோ கோபித்துக்கொண்டோ தானே போனார் என்று காதில் விழும். தோற்றவர் தானாகப் போகவில்லை, அனுப்பப்படுகிறார். ஆகவே 'வெளியேற்று முறை' பொருளுக்கு நெருக்கம். கணக்கும் இந்தப் பெயரோடு ஒத்துப்போகிறது: ஒவ்வோர் ஆட்டமும் ஒரே ஒருவரை வெளியேற்றுகிறது. 128 பேர் இறங்கினால் ஒருவர் மிஞ்ச 127 பேர் வெளியேற வேண்டும், எனவே 127 ஆட்டம். சுற்று எத்தனை என்று எண்ணிப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இலங்கைத் தமிழர் டோர்னமென்ட்டுக்கு வைத்திருக்கும் பெயர் மட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும்: 'சுற்றுப்போட்டி'. டோர்னமென்ட் என்ற சொல், குதிரை வீரர்கள் ஈட்டியோடு மோதிய பழைய பிரெஞ்சு விளையாட்டின் பெயர். அதன் அடியில் இருப்பது திரும்புதல், சுழலுதல் என்ற வினை. 'சுற்றுப்போட்டி' சுற்றுச் சுற்றாக நடப்பதால் வைத்த பெயராகத்தான் இருக்கும், ஆனால் பிரெஞ்சுக்காரர் சுழன்ற இடத்திலேயே தமிழும் சுற்றி வந்து நிற்கிறது.

சுற்று என்றதும் இன்னொன்று. காலிறுதி, அரையிறுதி என்று அழகாகச் சொல்கிறோம். அதற்கு முந்தையதற்கு வாய் அடைத்துப்போய், 'காலிறுதிக்கு முந்தைய சுற்று' என்று நீட்டுகிறோம். டார்ட்ஸுக்கு ஏராளமான ரசிகர்கள் உள்ள ஜெர்மனியில் அதை எட்டில்-ஒரு-பங்கு இறுதி என்றும், அதற்கும் முந்தையதைப் பதினாறில்-ஒரு-பங்கு இறுதி என்றும் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். நம்மிடம் எட்டில் ஒன்றுக்கு அரைக்கால் இருக்கிறது, பதினாறில் ஒன்றுக்கு வீசம் இருக்கிறது. 'அரைக்காலிறுதி' என்று எழுதினால் சிரிப்பார்களோ? காலிறுதியை முதலில் எழுதியவரைப் பார்த்தும் யாராவது சிரித்திருப்பார்கள்.

குவாலிஃபையருக்கு வருவோம். ஆங்கிலத்தில் இது ஆட்டத்துக்கும் பெயர், அதில் தேறிய ஆளுக்கும் பெயர். தமிழில் இரண்டையும் பிரித்தே தீர வேண்டும். மூலம் லத்தீன்: 'எப்படிப்பட்ட' என்று கேட்கும் சொல்லோடு 'செய்' என்ற வினை சேர்ந்தது. இன்ன தன்மை உடையது என்று ஒன்றைக் குறிப்பதுதான் முதல் பொருள். தமிழின் 'தகுதி' வேறு வேரில் முளைத்தது. தகு என்றால் பொருந்து. தக்க, தகுந்த, தகாத, தகவு, தகைமை எல்லாம் ஒரே குடும்பம். ஆங்கிலம் 'ஆள் எப்படி?' என்று கேட்கிறது, தமிழ் 'இந்த இடத்துக்குப் பொருந்துவாரா?' என்று கேட்கிறது. 

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பழைய வாழ்க்கையும் உண்டு. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் 'தகுதி எனவொன்று நன்றே' என்றுதான் தொடங்குகிறது. அங்கே தகுதி என்றால் பரீட்சையில் தேறுவது அல்ல, நடுவுநிலைமையேதான். பகைவர், அயலார், நண்பர் என்ற மூவகையினரிடமும் முறை தவறாமல் நடப்பது என்று பரிமேலழகர் உரை விரிக்கிறது. ஆட்டக்காரரிடம் நாம் இன்று எதிர்பார்க்கும் குணத்தை வள்ளுவர் நடுவரிடம் எதிர்பார்த்திருக்கிறார். சாம்பியன், சாமானியன் என்று முகம் பார்க்காத யூ.கே. ஓப்பன் குலுக்கலில் இருப்பது அந்தப் பழைய தகுதி. ரைலீஸ் கூடத்தில் வென்று வருவது புதிய தகுதி.

'தகுதிச்சுற்று' என்ற வழக்குச் சொல் ஐ.பி.எல். வந்த பிறகு கொஞ்சம் குழம்பிவிட்டது. 2011 முதல் அங்கே 'குவாலிஃபையர் 1' என்று ஓர் ஆட்டம். பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள், அதாவது ஏற்கெனவே தேறியவர்கள், இறுதிக்கு யார் நேராகப் போவது என்று மோதுவது. தோற்றவர் வெளியேறவும் மாட்டார், அவருக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. இதையும் தகுதிச்சுற்று என்று மொழிபெயர்த்தோம். மூன்றாம், நான்காம் அணிகள் மோதும் 'எலிமினேட்டர்' வெளியேற்றுச் சுற்று ஆனது. இரண்டு நல்ல சொற்களும் ஒரே வாரத்து நான்கு ஆட்டங்களில் மாட்டிக்கொண்டன. டார்ட்ஸில் ஆறு மாதத்துக்கு முன்பே ஏதோ ஓர் ஊரில், கேமரா இல்லாத அறையில் நடப்பதற்கும் அதே பெயரா?

இதற்குத் 'தகுதிகாண் சுற்று' என்பதே சரி என்பது என் கட்சி. இலங்கை விளையாட்டுச் செய்திகளில் 'தகுதிகாண் போட்டி' சர்வசாதாரணம். தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. அரசு வேலையில் சேர்ந்தவருக்குத் 'தகுதிகாண் பருவம்' உண்டு. அது முடியும் வரை நிரந்தரம் இல்லை, தேறியாக வேண்டும் என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். அதே பொருள்தான் இங்கேயும். தேறிவரும் ஆளைத் 'தகுதிகாண் சுற்றில் வந்தவர்' எனலாம்.

டார்ட்ஸில் இந்தத் தகுதிகாண் வேலை எவ்வளவு பெரியது என்பதை உலகச் சாம்பியன்ஷிப்பைப் பார்த்தால் தெரியும். லண்டன் அலெக்ஸாண்ட்ரா அரண்மனையில் நடக்கும் அந்தப் போட்டியில் 2019 முதல் 2025 வரை 96 பேர் ஆடினார்கள். தரவரிசையில் முதல் 32 பேர், ஆண்டு முழுதும் நடக்கும் தொழில்முறைச் சுற்றுப் பட்டியலிலிருந்து 32 பேர், உலகின் பல மூலைகளில் நடந்த தகுதிகாண் போட்டிகளிலிருந்து 32 பேர். இந்தியாவுக்கான தகுதிகாண் போட்டியில் வென்று நிதின் குமார் 2018 டிசம்பரில் அந்த மேடை ஏறியது இப்படித்தான். 16 வயது லூக் லிட்லர் 2024 ஜனவரியில் இறுதி ஆட்டம் வரை வந்தபோது, அவரும் இளையோர் போட்டிகள் வழியே நுழைந்தவர்தான். தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கே ஒரு தகுதிகாண் இருக்கிறது: ஜனவரியில் நடக்கும் 'கியூ ஸ்கூல்'. 128 பேருக்கு மட்டும் உண்டான அனுமதி அட்டைகளில் காலியானவற்றுக்கு அங்கே அடிதடி. பள்ளி என்று பெயர், பாடம் எதுவும் நடத்துவதில்லை. பரீட்சை மட்டும்தான்.

ஒரு சொல்தான் இன்னும் பிடிபடாமல் நிற்கிறது. 2018 யூ.கே. ஓப்பன் சமயத்தில் பிரிட்டனைப் பனிப்புயல் முடக்கிப்போட்டது. சில ஆட்டக்காரர்களால் மைன்ஹெட் வந்து சேரவே முடியவில்லை, அவர்களோடு ஆட இருந்தவர்கள் எறியம்பைத் தொடாமலே அடுத்த சுற்றுக்குப் போனார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'பை' என்கிறார்கள். தமிழில் எழுதினால் கடைக்கு எடுத்துப்போகிற பை. கிரிக்கெட்டில் இதே சொல் மட்டையில் படாத ஓட்டத்துக்கு வேறு போய்விட்டது. 'வாக்-ஓவர்' என்றால் குதிரைப் பந்தயம் வந்து நிற்கும்: போட்டிக்கு வேறு குதிரை இல்லாமல் ஒற்றைக் குதிரை சாவகாசமாக நடந்து முடித்த பந்தயம் அது. வெளியேற்றவும் இல்லை, தகுதி காணவும் இல்லை. நான் 'ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனார்' என்று எழுதிவிடுவேன். தலைப்பில் இடம் போதவில்லை என்று துணையாசிரியர் திட்டுவார், திட்டட்டும்.