ஏஐ படமும் அம்மாவின் தண்டட்டியும்

மதுரையில் 19 வருஷமாக டிசைனிங் தொழிலில் இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ், காலண்டர், கடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று எல்லா வேலையும் எங்கள் கடைக்கு வரும். புதிதாக வந்த ஏஐ பட செயலி ஒன்றுக்குப் பணம் கட்டி, நான்கு வாரம் கடை வேலையிலேயே வைத்துப் பார்த்தேன். எந்த வேலையை அதனிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று எனக்கு ஓரளவு தெளிவு வந்திருக்கிறது. இதே தொழிலில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும், படம் கேட்டு எங்களிடம் வருகிறவர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செல்போனில் நெட்டுக்குத்தாக எடுத்த போட்டோவை பேனர் அகலத்துக்கு இழுக்க வேண்டும் என்றால், பக்கத்துச் சுவரையும் வானத்தையும் குளோன் செய்து செய்து அரை மணி நேரம் போகும். இப்போது ஒரு நிமிஷம். கடை முகப்புப் போட்டோவில் குறுக்கே ஓடும் கரண்ட் வயரை எடுப்பதும் அப்படித்தான். மசாலா பாக்கெட்டுக்குப் பின்னணி, மரப்பலகை, பட்டுத்துணி மடிப்பு, இதெல்லாம் அருமையாக வருகிறது. வாடிக்கையாளர் மனதில் என்ன இருக்கிறது என்று பிடிக்க நாலு மாதிரி போட்டுக் காட்டவும் நல்ல துணை.

அப்புறம் ஒரு தவில் வித்வான் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. அட்டையில் கோபுரத்துக்கு முன்னால் நாதஸ்வரம், தவில் வாசிக்கிற மாதிரி படம் கேட்டார்கள். செயலியிடம் எழுதிக் கொடுத்தேன், அரை நிமிஷத்தில் வந்துவிட்டது. சாயங்கால வெயில், ஜரிகை வேட்டி, நெற்றியில் விபூதி என்று பார்க்க அவ்வளவு அழகு. புரூப் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். வித்வான் கண்ணாடியைப் போட்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இவரு ரெண்டு கையிலயும் குச்சி வெச்சிருக்காரே, இது எந்த ஊரு வாசிப்பு?" என்று கேட்டார்.

தவிலுக்கு ஒரு பக்கம் கழி, இன்னொரு பக்கம் விரல்களில் கூடு மாட்டிய கை. சின்ன வயதிலிருந்து எத்தனை கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், ஆனாலும் படத்தின் வெயிலையும் ஜரிகையையும் பார்த்ததில் அது கண்ணில் படவில்லை. அவர் சொன்ன பிறகு பார்த்தால் நாதஸ்வரத்தில், வாயில் வைத்து ஊதுகிற சீவாளியே இல்லை. குழலின் முனையை அப்படியே வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் அடுத்த தப்பைத் தடுக்கலாம். இந்த வகைச் செயலிகளில் பெரும்பாலானவை, பழைய டிவியில் தெரியும் புள்ளிமழை போன்ற ஒன்றில் ஆரம்பித்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கிக்கொண்டே போய் ஒரு படத்துக்கு வந்து சேர்கின்றன. எப்படி நீக்குவது என்பதை இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களையும், அவற்றோடு இருந்த குறிப்புகளையும் வைத்துக் கற்றிருக்கின்றன. லயான்-5பி என்ற ஒரு தொகுப்பில் மட்டும் 585 கோடி படமும் குறிப்பும் உண்டு. அதில் தவில் என்று சரியாகக் குறித்த படம் எத்தனை இருந்திருக்கும்? தெரியாத இடத்தைச் செயலி காலியாக விடாது, தெரிந்த ஏதோ ஒரு மேளத்தின் சாயலை வைத்து நிரப்பிவிடும். சிக்குக் கோலம் போடச் சொல்லிப் பாருங்கள். தூரத்தில் கோலம்தான். கிட்டே போனால் புள்ளி வரிசைக்கு வரிசை கணக்கில்லாமல் மாறும், இழை எங்கேயோ தொடங்கி எங்கேயும் சேராமல் நிற்கும். சாயல் அதற்கு வருகிறது, எண்ணிக்கை வருவதில்லை. அதனால் படத்தில் இருக்கும் பொருளைக் கையாண்டு பழகிய ஒருவரிடம் காட்டாமல் இனி நான் பிரஸ்ஸுக்கு அனுப்புவதில்லை.

தமிழ் எழுத்தும் இதே கதைதான். முன்பு எழுத்து மாதிரி ஏதோ கிறுக்கல் வரும், பார்த்ததும் தப்பென்று தெரியும். இப்போது திருந்தியிருக்கிறது, அதுதான் ஆபத்து. 'வரவேற்பு' என்பதில் ஒரு ரகரம் குறைந்திருக்கும், கொம்பு ஓர் எழுத்து தள்ளி விழுந்திருக்கும், கண் அதைச் சரியாகவே படித்துக்கொண்டு போய்விடும். மணமகள் பெயர் தப்பாகி ஆயிரம் பத்திரிகை அச்சாகிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எழுத்தைப் படத்துக்குள் வாங்காதீர்கள். மேல்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறும் வானமாக விடச் சொல்லி படத்தை எடுத்துக்கொண்டு, எழுத்தை கோரல் டிராவிலோ போட்டோஷாப்பிலோ தனி லேயரில் நல்ல தமிழ் எழுத்துருவில் நாமே அடிப்பதுதான் சரி.

அளவையும் பாருங்கள். பல செயலிகள் தருவது 1024 பிக்சல் சதுரம். அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐயில் அது மூன்றரை அங்குலத்துக்குக்கூட வராது. ஏ4 அட்டைக்கு 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். திரையில் மின்னும் மயில் நீலம் நாலு கலர் அச்சில் மங்கித்தான் வரும், அதனால் அந்த நாலு கலர் முறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றிய பிறகே வாடிக்கையாளரிடம் காட்டுங்கள்.

இதையெல்லாம் விட என்னைப் பாதித்த விஷயம் ஒன்று உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, தன் தாயார் இறந்து முதலாண்டு நினைவு அஞ்சலிக்குப் படம் கொண்டு வந்தார். வீட்டில் இருந்தது அந்த ஒரே போட்டோதான். ஓரத்தில் பூஞ்சை பிடித்து, நடுவில் மடிப்பு விழுந்திருந்தது. அவசரம் என்று செயலியில் போட்டு 'பழைய படத்தைச் சரிசெய்' என்றேன். மடிப்பு போய்விட்டது, பூஞ்சையும் போய்விட்டது. முகம் பளிச்சென்று வந்தது. பிரிண்ட் எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விரலைப் படத்தில் வைத்து, "தம்பி, இது யாரு காது?" என்றார்.

பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் பாட்டிக்கு வளர்த்த காது. தோளைத் தொடுகிற மாதிரி நீண்டு, அதில் தண்டட்டி என்ற பழைய காதணி தொங்கியது. செயலி அதைக் குறை என்று எடுத்துக்கொண்டு, காதைச் சின்னதாக்கி ஜிமிக்கி மாட்டியிருந்தது. நிறத்தை இரண்டு மூன்று படி வெளுத்திருந்தது. மேலுதட்டுக்கு மேல் இருந்த மச்சமும் பூஞ்சையோடு சேர்ந்து போயிருந்தது. ஒரே ஒரு படமாக மிஞ்சியிருந்த மனுஷியின் முகத்தை நான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மா கவனிக்காமல் வாங்கிப் போயிருந்தால், பேரப்பிள்ளைகள் அந்த முகத்தைத்தான் பூட்டி என்று பார்த்து வளர்ந்திருப்பார்கள்.

அன்று ராத்திரி கடையில் உட்கார்ந்து பழைய முறையிலேயே செய்தேன். 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்து, மடிப்பையும் பூஞ்சையையும் மட்டும் ஹீலிங் பிரஷ்ஷில் எடுத்தேன். நாலு மணி நேரம் ஆனது. தண்டட்டியின் ஓரத்தில் கொஞ்சம் மங்கலாக இருந்ததை மங்கலாகவே விட்டேன். இறந்தவர் படம், சின்னப் பிள்ளைகள் படம், மணமக்கள் முகம் இவற்றில் முகத்தைச் செயலியிடம் கொடுப்பதில்லை என்று கடையில் இப்போது முடிவாகிவிட்டது. பின்னணியை மட்டும் தேர்வு செய்து மாற்றலாம், முகத்தில் கை வைக்கக் கூடாது.

இன்னொன்று, அடுத்தவர் வீட்டுப் போட்டோவை ஏற்றும்போது அது யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகிறது. சில சேவைகளில் நாம் உருவாக்கும் படம் எல்லோரும் பார்க்கும்படி இருப்பதே வழக்கம், தனியாக வைக்க வேண்டுமென்றால் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும். வீட்டாரிடம் கேட்காமல் ஏற்ற நமக்கு உரிமை இல்லை.

லோகோ கேட்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பதிப்புரிமை அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு காமிக்ஸ் புத்தகத்தின் எழுத்துக்கும் பக்க அமைப்புக்கும் பாதுகாப்பு கொடுத்தது, மிட்ஜர்னி என்ற ஏஐ செயலியில் உருவாக்கிய படங்களுக்கு மறுத்துவிட்டது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாக்கக் காரணமானவரே ஆசிரியர் என்கிறது. ஆனால் அந்த வரி எழுதப்பட்ட காலத்தில் இப்படிப்பட்ட செயலிகள் கிடையாது. 20 வருஷம் கடை வாசலில் தொங்கப் போகிற அடையாளம் அது. அதைக் கையால் வரைந்து, வரைந்த தாள்களைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

எங்கள் ஆர்டர் நோட்டில் இப்போது இரண்டு கட்டம் கூடியிருக்கிறது. படத்தில் ஏஐ பயன்படுத்தினோமா, எந்த இடத்தில் என்று ஒன்று. போட்டோவை வெளியே ஏற்றச் சம்மதமா என்று இன்னொன்று, பக்கத்தில் கையெழுத்து. அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு "ஏஐ போட்டது வேண்டாம்ணே" என்று சொல்பவர்கள் உண்டு. "பின்னணிக்குப் போட்டுக்கங்க, அம்மா மூஞ்சிக்கு வேணாம்" என்று சரியாகப் பிரித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.