காயில் சுற்றைக் கூட்டினால் பாதுகாப்பு கூடுமா?

பழுது பார்க்க வரும் வால்வு ஆம்ப்ளிஃபையரைத் (வெற்றிடக் குழாயால் ரேடியோ சிக்னலைப் பெருக்கும் பெட்டி) திறந்ததும் நான் முதலில் தேடுவது, வால்வின் வெளியீட்டு முனையான ஆனோடின் கம்பியில் இருக்கும் பாராசிட்டிக் சப்ரசரைத்தான். வேண்டாத உயர் அதிர்வெண் அலைவை அடக்குவது அதன் வேலை. சிறிய காயில் ஒன்று, அதற்கு இணையாக ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். அண்மையில் வந்த ஒரு பெட்டியில் காயிலில் 6 சுற்று இருந்தது. ரெசிஸ்டர் கருகிக் கிடந்தது. "முதலில் 3 சுற்றுதான் இருந்தது, பாதுகாப்புக்காக நான்தான் கூட்டினேன்" என்றார் கொண்டுவந்தவர். இந்த எண்ணம் பலரிடம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

30 மெகாஹெர்ட்ஸுக்குள் வேலை செய்ய வேண்டிய ஆம்ப்ளிஃபையர் 100, 150 மெகாஹெர்ட்ஸில் ஏன் தானாக அலைவுறத் தொடங்குகிறது? ஆனோடிலிருந்து டியூனிங் கெப்பாசிட்டர் வரை போகும் கம்பிக்கு இண்டக்டன்ஸ் உண்டு. வால்வுக்குள் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. இரண்டும் சேர்ந்து நாம் அமைக்காத ஓர் ஒத்திசைவு மின்சுற்றாகிவிடுகின்றன. கிரிட்டை (வால்வுக்குள் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) தரையோடு இணைத்திருந்தாலும், இணைப்பு நீளமாக இருந்தால் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் அது தரையாக நிற்காது. வெளியீட்டின் ஒரு பகுதி உள்ளே திரும்பிவிடும். ஆகவே முதல் மருந்து குட்டையான, அகலமான இணைப்புப் பட்டைகள். சப்ரசர் அதற்கு அடுத்தது.

சரி, கணக்கைப் பார்ப்போம். 100 நானோஹென்றி காயில், 50 ஓம் ரெசிஸ்டர் என்று வையுங்கள். 150 மெகாஹெர்ட்ஸில் காயிலின் எதிர்ப்பு 94 ஓம். மின்னோட்டத்தில் பெரும்பங்கு ரெசிஸ்டர் வழியே போய் வெப்பமாகிறது, அலைவு அடங்குகிறது. நமக்கு வேண்டியது இதுதான். 3.5 மெகாஹெர்ட்ஸில் அதே காயில் வெறும் 2.2 ஓம். 2 ஆம்பியர் ஓடினாலும் ரெசிஸ்டரில் அரை வாட்கூட விழாது. ஆனால் 28 மெகாஹெர்ட்ஸில் 17.6 ஓம். அதே 2 ஆம்பியருக்கு ரெசிஸ்டர் ஏறத்தாழ 22 வாட்டைத் தாங்க வேண்டும்! காயிலை 50 நானோஹென்றியாகக் குறைத்தால் அது 6 வாட்டுக்கு இறங்கிவிடும். சுற்றை இரட்டித்தால் இண்டக்டன்ஸ் இரண்டு மடங்கைத் தாண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதோடு, இண்டக்டன்ஸ் ஏற ஏற அந்த வேண்டாத ஒத்திசைவு கீழே இறங்கும். அங்கே வால்வின் பெருக்கம் இன்னும் அதிகம்.

கம்பி சுற்றிய ரெசிஸ்டர் இங்கே வேண்டவே வேண்டாம், அதுவே ஒரு காயில். கார்பன் காம்போசிஷன் வகை திரும்பத் திரும்பச் சூடானால் மதிப்பு ஏறிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. ஒரு காலைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் மீட்டர் காயிலைத்தான் காட்டும்.

கை வைப்பதற்கு முன் ஒன்று. சப்ரசர் நிற்பது ஆனோடின் முழு மின்னழுத்தத்தில், பல பெட்டிகளில் அது 2000, 3000 வோல்ட். பிளக்கைப் பிடுங்குங்கள், ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்கள் வடியும்வரை காத்திருங்கள். அப்புறம், தரையோடு இணைத்த ஷார்ட்டிங் கோலால் ஆனோடைத் தொட்டு, வேலை முடியும்வரை அதை அங்கேயே மாட்டிவையுங்கள். முன்பக்க மீட்டர் சுழியைக் காட்டுகிறது என்பதை நம்பி யாரும் உள்ளே கை விடக் கூடாது.

அந்தப் பெட்டிக்குப் பழையபடி 3 சுற்றே போட்டேன், கிரிட் பட்டைகளைக் குறுக்கினேன். 28 மெகாஹெர்ட்ஸில் முழுத் திறனில் ஓட்டிய பிறகு திறந்து பார்த்தோம். புது ரெசிஸ்டரின் வண்ணப் பட்டைகள் மங்காமல் இருந்தன.