மலையிறக்கத்தில் மிதிவண்டியின் பிரேக் ஏன் கைவிடுகிறது? ரோட்டார் அளவு குறித்து ஒரு மெக்கானிக்கின் விளக்கம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றை நெருங்கும் நேரத்தில், முன்பிரேக் லீவர் எந்த எதிர்ப்பும் காட்டாமல் கைப்பிடி வரை வந்துவிட்டதென்றும், வண்டியை மலைப்பக்கத்து மண்மேட்டில் சாய்த்ததால்தான் தப்பித்தேன் என்றும் சொல்லிக்கொண்டு ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். முழங்கையில் கட்டுப் போட்டிருந்தார். அவருடைய எடை 95 கிலோ. வண்டி 29 அங்குலச் சக்கரம் கொண்ட மலைமிதிவண்டி. முன்னும் பின்னும் 160 மி.மீ. ரோட்டார்கள், அதாவது பிரேக் கவ்வும் தட்டுகள். முன் ரோட்டாரில் பேட் (உராய்வுக் கட்டை) உரசும் வளையம் முழுவதும் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது. ரோட்டாரைக் கவ்வும் பாகமான காலிப்பரிலிருந்து எடுத்த பேட்களின் முகம் கண்ணாடிபோலப் பளபளத்தது. லீவரின் அழுத்தத்தைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் பிரேக் திரவம் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது.

"இதைவிட விலை கூடிய பிரேக் மாட்டிவிடலாமா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. அவருடைய பிரேக்கில் குறை ஏதும் இல்லை. அவருடைய எடைக்கும் அந்த இறக்கத்தின் நீளத்துக்கும் ரோட்டார் சிறியதாக இருந்தது. திரவமும் நெடுநாள் மாற்றப்படாமல் கிடந்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மிதிவண்டி எடுத்துச் செல்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவரும் நிலையில், ரோட்டார் அளவு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை ஒருமுறை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

ரோட்டார் என்பது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்போடு சேர்ந்து சுழலும் எஃகுத் தட்டு. காலிப்பருக்குள் உள்ள இரண்டு பேட்கள் அதை இருபுறமும் கவ்வும்போது எழும் உராய்வுதான் சக்கரத்தின் சுழற்சியைத் தடுக்கிறது. துருப்பிடித்து இறுகிய நட்டைக் குட்டை ஸ்பேனரால் அசைக்க முடியாதபோது, ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டிக்கொள்வது எல்லாப் பட்டறைகளிலும் நடப்பதுதான். கையின் வலு அதேதான். அச்சிலிருந்து தள்ளிப் பிடிப்பதால் திருப்பும் திறன் கூடுகிறது. பெரிய ரோட்டாரும் அதையே செய்கிறது. பேட் கவ்வும் இடம் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதே விரல் அழுத்தத்துக்கு அவ்வளவு கூடுதலான தடுப்புத்திறன் கிடைக்கும்.

இதைத் தோராயமாகக் கணக்கிட விட்டங்களை ஒப்பிட்டாலே போதும். 160-லிருந்து 180 மி.மீ.க்கு மாறினால் சுமார் 12 சதவீதமும், 160-லிருந்து 203 மி.மீ.க்கு மாறினால் சுமார் 27 சதவீதமும் தடுப்புத்திறன் கூடும். பேட் உண்மையில் உரசுவது தட்டின் வெளிவிளிம்புக்குச் சற்று உள்ளே என்பதால் உண்மையான ஆதாயம் இதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். காலிப்பரையும் லீவரையும் மாற்றாமல், சில பத்துக் கிராம் எடை கூடுவதை மட்டும் ஏற்றுக்கொண்டு, இந்த அளவு ஆதாயம் பெற மிதிவண்டியில் வேறு எளிய வழி எதுவும் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

ஆனால் தடுப்புத்திறன் 27 சதவீதம் கூடுவதால் வண்டி நிற்கும் தூரம் 27 சதவீதம் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. இங்குதான் பலர் தவறுகிறார்கள். வண்டியை இறுதியில் நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிமானம். நன்றாகப் பராமரிக்கப்பட்ட 160 மி.மீ. பிரேக்கே, ஒரே ஒருமுறை அழுத்துவதென்றால், ஈர மண்ணில் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கவைக்கப் போதுமானது. பிடிமானம் மிகுந்த தார்ச்சாலையில் முன்பிரேக்கை முழு வலுவோடு பிடித்தால், டயர் சறுக்குவதற்கு முன்பே பின்சக்கரம் மேலெழுந்து ஓட்டுநரைக் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியும். இந்த எல்லைகளை எவ்வளவு பெரிய ரோட்டாரும் மாற்றாது. அந்த எல்லையை எட்டுவதற்கு விரல் எவ்வளவு சிரமப்பட வேண்டும், அதே சிரமத்தில் முப்பதாவது வளைவிலும் எட்ட முடியுமா என்ற இரண்டு விஷயங்களைத்தான் ரோட்டார் தீர்மானிக்கிறது. சமவெளியில் ஓட்டுபவருக்கு இரண்டாவது கேள்வி எழவே எழாது. மலையிறக்கத்தில் உயிர் அதில்தான் இருக்கிறது.

அதற்கு வெப்பத்தைக் கவனிக்க வேண்டும். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு 1,400 மீட்டருக்கும் மேல். சாலையின் நீளம் சுமார் 33 கி.மீ. அந்த வாடிக்கையாளரும் வண்டியும் சேர்ந்து 110 கிலோ என்று கொண்டால், இறங்கி முடிப்பதற்குள் ஏறத்தாழ 1,500 கிலோஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு ஆற்றல் தேவைப்படும். அதில் ஒரு பங்கைக் காற்றுத்தடையும் டயரின் உருளல் தடையும் எடுத்துக்கொள்ளும். எஞ்சியது முழுவதும், இரண்டும் சேர்ந்து கால் கிலோ எடைகூட வராத இரண்டு எஃகுத் தட்டுகள் வழியாகத்தான் காற்றுக்குப் போக வேண்டும்.

அதோடு, மெதுவாகப் போனால் பிரேக் சூடாகாது என்ற பொதுவான நம்பிக்கையும் சரியல்ல. வேகம் கூடக் கூடக் காற்றுத்தடை மிக விரைவாகக் கூடுகிறது. வேகம் குறைவாக இருக்கும்போது காற்று ஏறத்தாழ எதையும் எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே அச்சத்தால் இரண்டு லீவர்களையும் அரைகுறையாகப் பிடித்தபடியே மணிக்கு 15 அல்லது 20 கி.மீ. வேகத்தில் 33 கி.மீ. தூரமும் இறங்குபவருடைய ரோட்டார்கள்தான், நேரான பகுதிகளில் பிரேக்கை விட்டுவிட்டு வளைவுக்கு முன் உறுதியாகப் பிடிப்பவருடைய ரோட்டார்களைவிட மொத்தத்தில் அதிக வெப்பத்தைச் சுமக்கின்றன. இதைச் சொல்வது யாரையும் வேகமாகப் போகத் தூண்டுவதற்காக அல்ல. புதிதாக மலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், பிடிக்கும்போது நன்றாகப் பிடியுங்கள், விடும்போது முழுமையாக விடுங்கள், ஐந்தாறு கி.மீ.க்கு ஒருமுறை நின்று ஆறவிடுங்கள் என்பதே. நிற்கும்போது ரோட்டாரைத் தொடக் கூடாது, தோல் வெந்துவிடும். சாலையோர ஓடைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றவும் கூடாது. கொதிக்கும் எஃகு திடீரெனக் குளிர்ந்தால் தட்டு கோணிவிட வாய்ப்புண்டு.

வெப்பம் அளவு மீறும்போது இரண்டு விதமாகப் பிரேக் கைவிடும். முதலாவது, பேட்டின் முகம் பளபளப்பேறி உராய்வை இழப்பது. லீவர் கல்லாக இறுகி நிற்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. இரண்டாவது, காலிப்பருக்குள் உள்ள திரவம் கொதிப்பது. கொதித்த திரவத்தில் ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கிவிடலாம் என்பதால் லீவர் வெறுமனே கைப்பிடி வரை போய்விடும். என் வாடிக்கையாளருக்கு நேர்ந்தது இதுதான். டாட் 4 என்ற தரக்குறியீடு கொண்ட திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதே திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பழையதாகிவிட்ட நிலைக்கு அதே விதி வைத்திருக்கும் வரம்பு 155 டிகிரிதான். மினரல் ஆயில் பயன்படுத்தும் பிரேக்குகளில் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் தனியாகப் பிரிந்து தாழ்ந்த இடமான காலிப்பரில் தேங்கினால் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒன்றுக்கான பிரேக்கில் மற்றொன்றை ஒருபோதும் ஊற்றக் கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். மலைக்குப் போகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது திரவத்தை மாற்றிவிடுங்கள்.

பெரிய ரோட்டார் இந்த வெப்பச் சிக்கலை மூன்று வழிகளில் தணிக்கிறது. எஃகு அதிகம் என்பதால் அதே வெப்பத்துக்கு வெப்பநிலை குறைவாக ஏறுகிறது. பரப்பு அதிகம் என்பதால் விரைவாக ஆறுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பேட் உரசும் வளையம் நீளமானது என்பதால் ஒரே இடத்தில் வெப்பம் குவிவதில்லை. பேட்டைத் தள்ளும் பிஸ்டன்கள் நான்கு கொண்ட காலிப்பர் வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். கவ்வும் விசையை அது கூட்டும், நல்ல பொருள்தான். ஆனால் கவ்வப்படும் தட்டு அதே 160 மி.மீ. தட்டாக இருக்கும்போது வெப்பம் போவதற்கான வழி அப்படியேதான் இருக்கும்.

சக்கர அளவையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழைய 26 அங்குல வண்டியை விற்றுவிட்டு 29 அங்குல வண்டி வாங்கியவர்கள் பலர் "புது வண்டியில் பிரேக் மந்தமாக இருக்கிறது" என்று சொல்லி வருகிறார்கள். சக்கரம் பெரிதாகும்போது டயர் தரையைத் தொடும் இடம் அச்சிலிருந்து தள்ளிப்போகிறது. அதே ரோட்டார் தரும் தடுப்பு அங்கே போய்ச் சேரும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. 26 அங்குலத்தில் 160 மி.மீ. தந்த அதே உணர்வை 29 அங்குலத்தில் பெற 180 மி.மீ. தேவைப்படும். விற்பனைக்கு வரும் பல தொடக்கநிலை 29 அங்குல வண்டிகள் இன்னும் 160 மி.மீ.யோடே வருவது எனக்கு உடன்பாடில்லாத விஷயம்.

எந்த அளவு என்று கேட்டால், 65 கிலோவுக்குள் எடையுள்ள, ஊருக்குள்ளும் மேடுபள்ளமான காட்டுப்பாதையிலும் ஓட்டுபவருக்கு 160 மி.மீ. போதும். 29 அங்குல வண்டியில் மலைப்பாதை இறங்குபவர் யாராக இருந்தாலும் முன்சக்கரத்துக்கு 180 மி.மீ.யைத்தான் பரிந்துரைக்கிறேன். 85 கிலோவைத் தாண்டியவர்களுக்கும், சுமை கட்டிக்கொண்டு பல நாள் பயணம் போகிறவர்களுக்கும், செங்குத்தான டவுன்ஹில் தடங்களில் இறங்குபவர்களுக்கும் முன்னால் 200 அல்லது 203 மி.மீ. மோட்டார் பொருத்திய மின் மலைமிதிவண்டிகள் பெரும்பாலும் 20 கிலோவைத் தாண்டுவதால் அவற்றில் 220 மி.மீ. ரோட்டார்களும் வந்துவிட்டன. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால் முன்பக்கம் பெரிதாகவும் பின்பக்கம் ஒரு படி சிறிதாகவும் வைப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் நீண்ட இறக்கத்தில் பின்பிரேக்கையே விடாமல் உரசிக்கொண்டு வருபவர்களுடைய வண்டியில் பின் ரோட்டார்தான் முதலில் நீலமாகிறது; அவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் மாட்டிக் கொடுக்கிறேன்.

மாட்டுவதற்கு முன், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் ஃபிரேமும் எவ்வளவு பெரிய ரோட்டாரை ஏற்கும் என்பதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்தே தீர வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. பிரேக் பிடிக்கும் விசை முழுவதும் காலிப்பர் பொருத்தப்பட்டிருக்கும் இரண்டு போல்ட்கள் வழியாக ஃபோர்க்கின் காலில் போய் இறங்குகிறது. எடை குறைந்த கிராஸ்கன்ட்ரி ஃபோர்க்குகள் பலவற்றுக்கு 180 மி.மீ.தான் உச்ச வரம்பு. காலிப்பரைத் தள்ளிவைக்கும் அடாப்டர் வைத்தால் 203 மி.மீ. இடிக்காமல் சுழலும் என்பது அந்த ஃபோர்க் அதைத் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. என் வாடிக்கையாளரின் ஃபோர்க்கும் 180 வரம்பு கொண்டதுதான். அவர் 203 கேட்டார். நான் மறுத்து, இரண்டு பக்கமும் 180 மி.மீ. ரோட்டார், உலோகத்துகள் பேட், புதிய திரவம் என்று செய்து கொடுத்தேன்.

20 மி.மீ. பெரிய ரோட்டாருக்குக் காலிப்பரை 10 மி.மீ. தள்ளிவைக்கும் அடாப்டர் தேவை. 200-உம் 203-உம் ஒன்றுதான் என்று எண்ணி மாற்றி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒன்றரை மி.மீ. ஆர வேறுபாட்டில் பேட்டின் ஒரு விளிம்பு தட்டுக்கு வெளியே தொங்கி, தேயாமல் உதடுபோல நின்றுவிடும். விலை மலிந்த சில ரோட்டார்களில் பிசினால் பிணைத்த மென்மையான ரெசின் பேட் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று பொறித்திருக்கும். அதில் உலோகத்துகள் பேட் போட்டால் ரோட்டார் வேகமாகத் தேயும்.

பெரிய ரோட்டார் கேட்டு வருகிறவர்களில் கணிசமானோருக்கு அது தேவைப்படுவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சங்கிலிக்கு அடித்த ஸ்பிரே எண்ணெய் ரோட்டாரில் படிந்து, பேட்டுக்குள் ஊறி, பிரேக் அலறிக்கொண்டே வழுக்கும். அப்படிப்பட்ட பேட்டை நெருப்பில் காட்டிச் சரிசெய்யலாம் என்று நம்பி நாளைக் கடத்தாமல் மாற்றிவிடுங்கள். ரோட்டாரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். தடிமனையும் அளந்து பாருங்கள். ஷிமானோ ரோட்டார்கள் புதிதில் 1.8 மி.மீ.; 1.5 மி.மீ.க்கு வந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். பெரும்பாலான நிறுவனங்கள் குறைந்தபட்சத் தடிமனை ரோட்டாரிலேயே பொறித்துவிடுகின்றன. தேய்ந்து மெலிந்த 180 மி.மீ. தட்டைவிடப் புதிய 160 மி.மீ. தட்டை நான் நம்புவேன்.

புதிய ரோட்டாரும் பேட்டும் மாட்டிய அன்றே மலைக்குப் போகாதீர்கள். போக்குவரத்து இல்லாத சமமான சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகம் வரை மிதித்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி நடை வேகத்துக்குக் குறைத்து, மீண்டும் மிதித்து, இப்படி இருபது முறையும், சற்றுக் கூடிய வேகத்தில் பத்து முறையும் செய்தால் பேட்டின் பொருள் ஒரே சீரான மெல்லிய படலமாக ரோட்டாரில் படியும். அந்தப் படலம் படியாத பிரேக், அளவு எதுவானாலும், முழுத் திறனில் வேலை செய்யாது. அந்த முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் காலிப்பர் போல்ட்களையும் அடாப்டர் போல்ட்களையும் இறுக்கத்தை அளவிட்டு முடுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு மலைக்குக் கிளம்புங்கள்.