ஸ்பிரிட் மாதிரி மணக்கும், ஆனால் ஸ்பிரிட் இல்லை

"சேர், இது ஸ்பிரிட்தானே? விளக்குக்கு ஊத்தட்டா?"

திருகோணமலையில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்த தம்பி கேட்டது. அவர் கையில் பெயர் எழுதாத போத்தல். வாங்கியதுமே கனம் தெரிந்தது. ஸ்பிரிட் என்பது எதனோல், அது 100 மில்லிலீற்றர் 79 கிராம்தான். இது 138 கிராமாவது இருக்கும். யாரோ பெரிய குப்பியிலிருந்து பிரித்து ஊற்றிவைத்த டிரைபுளோரோஎதனோல். அதை விளக்கில் எரித்திருந்தால் ஐதரசன் புளோரைட்டு வாயு கிளம்பியிருக்கும். நுரையீரலை அரிக்கும் நஞ்சு அது.

எதனோலின் ஓரக் காபனில் உள்ள மூன்று ஐதரசனையும் எடுத்துவிட்டுப் புளோரின் வைத்தால் இந்தத் திரவம். புளோரின் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுக்க, ஒட்சிசனோடு இருக்கும் ஐதரசனின் பிடி தளர்கிறது. அமிலத்தன்மையைக் காட்டும் எண் பிகேஏ, அது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும். எதனோலின் பிகேஏ 16 அளவு, இதற்கு 12.4. ஆறு புளோரின் உள்ள ஹெக்சாபுளோரோஐசோப்ரோப்பனோலுக்கு 9.3.

அந்த ஆறு புளோரின் திரவத்தில், உப்புவெளிக் கரையில் எடுத்த நைலோன் வலைத் துண்டு ஒன்றைப் போட்டு மாணவருக்குக் காட்டினேன். உப்பும் வெயிலும் தின்னாத நூல். முதலில் ஊதியது, அப்புறம் பசையானது, கடைசியில் நூலையே காணவில்லை. நைலோன் சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டியிருப்பவை ஐதரசன் பிணைப்புகள். அந்த இடங்களை இந்த அற்ககோல் பிடித்துக்கொள்ள, சங்கிலிகள் கழன்றுவிடுகின்றன. ஆகவே இதை நைலோன் வடிதாளில் வடிக்காதீர்கள், டெஃப்லோன் பாவியுங்கள்.

பயனும் பெரிதுதான். புரத ஆராய்ச்சியில் இரண்டும் கரைப்பான்கள். சத்திரசிகிச்சைக்கு முகர வைக்கும் மயக்க மருந்துகளில் ஐசோபுளுரேனை மூன்று புளோரின் அற்ககோலிலிருந்தும், செவோபுளுரேனை ஆறு புளோரின் அற்ககோலிலிருந்தும் செய்கிறார்கள்.

ஆனால் டிரைபுளோரோஎதனோலைக் குடித்தாலும் முகர்ந்தாலும் நஞ்சு. விலங்குச் சோதனைகளில் விந்தகத்தைப் பாதித்திருக்கிறது. சுமார் 30 பாகையிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். கச்சான் அடிக்கும் நாட்களில் நம் ஊர் அறைகள் அதைத் தாண்டிவிடும். திறப்பதென்றால் புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டும். பிரித்து ஊற்றினால் அந்த நிமிடமே தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

இரண்டுமே கண்ணைக் கெடுக்கும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன பட்டது என்றுதான் டொக்டர் முதலில் கேட்பார்.