ஏஜிங்: 'வயதாதல்' அல்ல, மூப்பு

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிறு குளக்கட்டில், புதுசாக மண் போட்ட இடத்தில் சைக்கிளை விட்டேன். முன்சில்லு நாலு விரலுக்குப் புதைந்தது. வயலுக்குப் போன ஐயா ஒருவர், "தம்பி, இறங்கி உருட்டுங்கோ. போன கிழமைதான் போட்டது, மண் இன்னும் அமரேல்லை" என்றார். பத்தடி தள்ளிப் போன வருசம் போட்ட துண்டில் தடம்கூட விழவில்லை. மண்ணும் ஒன்று, பாரமும் ஒன்று. போட்ட காலம்தான் வேறு.

பௌதிகவியலில் 'ஏஜிங்' என்பது கிட்டத்தட்ட இதுதான். (குளக்கட்டை மழையும் உழவு இயந்திரமும் அமர்த்துகின்றன, அந்த மட்டில் உவமை பிசகும்.) சில வகைப் பொருளைச் சட்டெனக் குளிர்வித்தால் அது சமநிலைக்குப் போய்ச்சேர முடியாமல் இழுபடும். அப்போது அதைச் சீண்டினால், கிடைக்கும் பதில் குளிர்வித்து எவ்வளவு காலம் என்பதில் தங்கியிருக்கும். பிளாஸ்டிக் ஆய்வாளர் ஸ்ட்ரூயிக் 1978 இல் வெளியிட்ட நூலில், குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக்கை 90 பாகை செல்சியசிலிருந்து 20 பாகைக்கு இறக்கி, 1000 நாள் வரை காத்திருந்து இழுத்துப் பார்த்த அளவீடு இருக்கிறது. காத்திருந்த காலம் கூடக்கூட நீட்சி மந்தமானது. தோட்டத்துக் குழாய் வெயிலில் வெளிறி வெடிப்பது இதல்ல. அது இரசாயனச் சிதைவு, திரும்பாது. இதுவோ, சுமார் 80 பாகைக்கு மேல் சூடாக்கினால் அழிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. நம் 'வயது' வடமொழி 'வயஸ்'. 'வயதாதல்' என்றதும் நரையும் முழங்கால் வலியும்தான் நினைவுக்கு வரும். 'மூ' என்ற வினையடியில் பிறந்த 'மூப்பு' வேறுமாதிரி. ஆசிரியர் இடமாற்றத்தில் 'சேவைமூப்பு' பார்ப்பார்களே, அங்கே யாரும் தளர்ச்சியை அளப்பதில்லை. சேர்ந்து எத்தனை வருடம் என்றுதான் எண்ணுகிறார்கள். பௌதிகம் கேட்பதும் அந்தக் கணக்கையே. சூடாக்கி அழிக்கும் வசதி மட்டும் சேவைமூப்புக்கு இல்லை.

மூப்போடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு சொல் 'நீள்வீச்சு இடைத்தாக்கம்'. அதென்றால் துணிக்கை அயலோடு மட்டுமன்றித் தூரத்தோடும் தாக்கம் கொள்வது. குளிர்வித்த காந்த மாதிரியுருவில் ஒரே திசை பார்க்கும் நுண்காந்தங்களின் திட்டுக்கள் வளரும். அயல் தாக்கம் மட்டுமென்றால் 4 மடங்கு காலத்தில் திட்டின் குறுக்களவு 2 மடங்கு. தூரத்தோடு தாக்கம் போதிய அளவு மெல்லக் குறைந்தால் வளர்ச்சி அதைவிட விரைவு என்று பௌதிகவியலாளர்கள் பிரேயும் ருட்டன்பெர்க்கும் 1994 இல் காட்டினர். விரைவு மாறினாலும் மூப்பு போவதில்லை. எளிய மூப்பில், 1 மணி காத்த தொகுதியை 1 மணி பார்த்தாலும், 10 மணி காத்ததை 10 மணி பார்த்தாலும் பார்த்த காலத்துக்கும் காத்த காலத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்து வரைந்தால் அளவீட்டுப் புள்ளிகள் ஒரே வளையியில் விழும்.