மின்னல் விழுங்கிய பைட்டுகள்

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பின்னேரம் இடி முழங்கினால் தொலைபேசி வயரில் வரும் ஏடிஎஸ்எல் இணையம் விடுபடும். எக்ஸ்சேஞ்சில் போர்ட்டை ஏதோ மாற்றினார்கள். இப்போது விடுபடுவதில்லை, ஆனால் கேம் இழுக்கிறது. ஏன்?"

இன்டர்லீவிங்கை, அதாவது பைட்டுகளின் வரிசையைக் கலைத்து அனுப்பும் முறையை, கூட்டியிருப்பார்கள்.

ஏடிஎஸ்எல்2+ செப்புச் சோடியை 4.3125 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ள 512 அலைவரிசைகளாகப் பிரித்து, செக்கனுக்கு 4000 குறியீடுகள் அனுப்புகிறது. தோட்டத்து லயம்வரை பல கிலோமீற்றர் ஓடும் வயரில் மேல் அலைவரிசைகள் தேறாது. 4 எம்பிபிஎஸ் கிடைத்தால் ஒரு குறியீட்டில் 125 பைட்.

மின்னல் வெட்டில் ஒரு குறியீடு அப்படியே போய்விடுகிறது என்று வைப்போம். ரீட்-சொலமன் என்ற பிழைதிருத்த முறையில் 255 பைட் தொகுதியில் 16 சோதனை பைட் இருந்தால் திருத்தக்கூடியது 8 மட்டுமே. 125 எங்கே, 8 எங்கே!

இன்டர்லீவிங் ஒரு பைட்டைக்கூடப் புதிதாகச் சேர்ப்பதில்லை. வரிசையைக் கலைக்கிறது, அவ்வளவுதான். ஆழம் 16 என்றால், வயரில் அடுத்தடுத்துப் போகும் 16 பைட்டுகளும் வெவ்வேறு தொகுதிகளுக்கு உரியவை. தொடர்ந்து 125 பைட் அழிந்தாலும், மறுமுனையில் பழையபடி அடுக்கும்போது எந்தத் தொகுதிக்கும் 8க்கு மேல் நட்டமில்லை. எல்லாம் திருந்திவிடும். ஒரே நிரையில் 125 தேயிலைச் செடி பட்டுப்போனால் மலை மொட்டை. மலை முழுக்கச் சிதறிப் பட்டால் கங்காணி கண்ணுக்கே தெரியாது.

விலை, காத்திருப்பு. தொகுதி நீளத்திலும் ஆழத்திலும் ஒவ்வொன்று குறைத்துப் பெருக்கினால் 254 × 15 = 3810 பைட், அதாவது 7.6 மில்லிசெக்கன். ஆழம் 32 ஆனால் இரண்டு குறியீடு போனாலும் தாங்கும், தாமதம் 15.7. கேம் இழுப்பது இதனால்தான்.

எக்ஸ்சேஞ்சில் லைன்களைத் தாங்கும் டிஎஸ்லாம் கருவியில் போர்ட்டை நிறுத்தி, புதிய லைன் புரொபைலை (லைனுக்கான அமைப்புகளின் தொகுப்பை) இணைத்து, மறுபடி இயக்க வேண்டும். உச்சத் தாமதம் 16 மில்லிசெக்கன், குறைந்தபட்ச ஐஎன்பி (தாங்கவேண்டிய குறியீட்டு இழப்பு) 2, இலக்கு இரைச்சல் விளிம்பு (இரைச்சலுக்கு மேல் வைக்கும் கையிருப்பு) 6 டெசிபெல்லிலிருந்து 9. இந்த 3 டெசிபெல் அலைவரிசைக்கு ஏறத்தாழ ஒரு பிட்டைத் தின்னும்; 200 அலைவரிசை உயிரோடிருந்தால் 800 கேபிபிஎஸ் குறையும். குறைந்தபட்ச வேகத்தைப் பழைய உயரத்திலேயே விட்டுவிடுவது வழக்கமான தவறு. போர்ட்டால் அதை எட்ட முடியாது. திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும், லைன் ஏறாது.

இதெல்லாம் தரவுக்குத்தான் காவல், ரவுட்டருக்கு அல்ல. அதன்மேல் பூசிய திருநீறும் மின்னலைத் தடுக்காது. இடிக்கு முன்பே மின்வயரையும் தொலைபேசி வயரையும் கழற்றிவிடுங்கள்.

மாற்றியபின் 15 நிமிடக் கணக்குகளைப் பார்க்க வேண்டும். இடி நேரத்தில் எஃப்இசி எண் (திருத்திய பிழைகள்) ஏறி, சிஆர்சி எண் (திருந்தாத பிழைகள்) அசையாதிருந்தால் திருத்தம் நடக்கிறது. வெயில் நாளிலும் சிஆர்சி ஏறினால் வயர் மூட்டில் களிம்பு பிடித்திருக்கலாம். அதற்கு எந்தப் புரொபைலும் உதவாது, மூட்டை வெட்டிப் புதிதாகப் போட வேண்டும்.